கிழட்டுக் கோழியும் என் கணக்கு நோட்டும்

ஐப்பசி மழை இரண்டு தடவை பிடித்துப் பெய்துவிட்டால் போதும், மரக்காணத்தில் எங்கள் தெருவுக்குக் கோழி வியாபாரி வந்துவிடுவார். டி.வி.எஸ். வண்டி, இரண்டு பக்கமும் கம்பிக்கூண்டு, கையில் ஒரு தராசு. கோடையில் அவரைப் பார்ப்பது அபூர்வம். மழை பிறந்ததும் ஏன் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறார் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை. புரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அவரிடம் ஏமாந்தவர்களில் நானும் ஒருவன். ஏமாந்தேன் என்று சொல்வதும் சரியில்லை. அவர் என்னை ஏமாற்றவில்லை, என் கணக்கு நோட்டுதான் ஏமாற்றியது.

போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நின்றாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். மழைக்கு அளம் மூடிவிட்டது, தை வரைக்கும் கூலி கிடையாது. கையில் ஒரு செவலைக் கோழி. "ஐயா, ரெண்டு மாசமா முட்டையே இல்ல. றெக்கையெல்லாம் கொட்டிப்போய் எப்படி இருக்கு பாருங்க. வயசாயிடுச்சு போல. வியாபாரிகிட்ட குடுத்துடட்டுமா?" என்றாள். "தை வரைக்கும் பொறும்மா" என்றேன். ஏன் என்று கேட்டாள். அவளுக்கு இரண்டு நிமிஷத்தில் சொன்னதை இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு வேறென்ன வேலை!

புதுச்சேரியில் 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியபோது எனக்கு ஐந்து வயது. ஆட்சி மாறியது, பள்ளிக்கூடத்துப் பாஷை மாறவில்லை. நான் படித்து முடிக்கிற வரைக்கும் எல்லாம் பிரெஞ்சில்தான். அந்தப் பாடங்களில் கோழிக்குப் பஞ்சமே இல்லை. சரித்திரப் பாடத்தில் நான்காம் ஹென்றி மன்னர் வருவார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒவ்வொரு உழவன் வீட்டுப் பானையிலும் ஒரு கோழி வேக வேண்டும் என்று ஆசைப்பட்ட ராஜா. அவர் செத்தது 1610-ல். இந்தக் கதை எழுத்தில் வந்தது 1661-ல், பெரெஃபிக்ஸ் என்ற பாதிரியார் எழுதிய வரலாற்றில். ராஜா நிஜமாகச் சொன்னாரோ இல்லையோ, அந்தப் பானைக்குள் போனது என்ன கோழி என்பதுதான் விஷயம். பிரெஞ்சில் இளங்கோழிக்கு ஒரு சொல், முட்டையிட்டு வளர்ந்த பெட்டைக்கு வேறு சொல். ராஜா சொன்னது இரண்டாவதை. நாலு மணி நேரம் வெந்தால்தான் பல்லுக்கு இசையும் கிழட்டுக் கோழி. முட்டை நின்றதும் பானைக்குள் இறங்குகிற கோழி.

இன்னொன்று லா ஃபோந்தேன் எழுதிய நீதிக்கதை. பேராசைக்காரன் பொன் முட்டையிடுகிற பறவையின் வயிற்றைக் கிழித்துப் பார்த்த கதை. நம் பிள்ளைகளுக்கு அது வாத்து. பிரெஞ்சில் அது கோழி! இங்கிலீஷ் புத்தகம் வழியாகப் படித்தவர்களுக்கு வாத்து, பிரெஞ்சு வழியாகப் படித்த எங்களுக்குக் கோழி. கல்யாணமான புதிதில் இதை வைத்து மைத்துனனிடம் ஒரு பந்தயமே கட்டி, நடுவர் இல்லாததால் இருவரும் ஜெயித்தோம்.

ரெயோமூர் என்றொரு விஞ்ஞானியையும் படித்தோம், ஆனால் வெப்பமானிக்காக. அவர் 1749-ல் கோழி முட்டையைக் கோழி இல்லாமலே பொரிப்பது பற்றி ஒரு புத்தகம் போட்டார் என்பதை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. எகிப்தில் அடுப்புச் சூட்டில் ஆயிரக்கணக்கில் முட்டை பொரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பீப்பாயைக் குதிரைச் சாணக் குவியலில் புதைத்து அந்தச் சூட்டில் குஞ்சு பொரித்துப் பார்த்தவர் அவர். கோழியிடமிருந்து அடைகாக்கும் வேலையைப் பிடுங்குகிற முயற்சி ஐரோப்பாவில் அந்தக் காலத்திலேயே மும்முரமாகிவிட்டது. எங்கள் வீட்டுச் சங்கதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு.

1977-ல் எனக்குக் கல்யாணம். பெண் வீடு மரக்காணம். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் நூலில் வரும் சோபட்மா என்ற துறைமுகம் இதுதான் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிற ஊர். உப்புக்கும் கோழிக்கும் உறவு இங்கே பழசு. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகம் செய்த உமணர்களின் மாட்டுவண்டி வருகிறது. அந்த வண்டியின் வாசலில் கோழி தங்குகிற கூடு இருந்ததாகப் புலவர் சொல்கிறார். பக்கத்தில் ஒரு சின்ன உரலும் தொங்குகிறது. ஆக, உப்பு விற்கப் பல நாள் வழிநடை போன குடும்பம் கோழியையும் கூடவே கொண்டுபோயிருக்கிறது. வழியில் முட்டை, அவசரத்துக்குக் குழம்பு, விடிவதற்குச் சேவல். அந்த உமணப் பெண் எந்தக் கோழியை எப்போது கழித்தாள் என்பதற்குப் புலவர் கணக்கு வைக்கவில்லை. என்னைப் போல் குமாஸ்தா இல்லை அவர்.

எங்கள் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுவேன், அவரும் கணக்கு வைத்ததில்லை. கொல்லையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு கோழி இருக்கும். கேழ்வரகு, நொய், தவிடு, மீன் கழுவிய குடல் தீனி. கிளிஞ்சலை இடித்து ஒரு ஓட்டில் போட்டு வைப்பார், ஓடு கெட்டியாக வரும் என்று. கருவாட்டுத் தலையை மட்டும் ஊறவைத்து உப்பு எடுக்காமல் போடமாட்டார். உப்பு மிஞ்சினால் கோழி தண்ணீர் தண்ணீராகக் கழிந்து செத்துப்போகும். உப்பளத்து ஊரில் இது கைக்குழந்தைக்கும் தெரியும்.

ஒரு கோழி பத்துப் பதினைந்து முட்டை போடும். பிறகு கூட்டை விட்டு எழுந்திருக்காமல் உப்பிக்கொண்டு உட்காரும். அதுதான் அடைக்கோழி. அத்தை அதற்குக் கீழே முட்டை வைப்பார். 21 நாளில் குஞ்சு. அப்புறம் இரண்டு மூன்று மாதம் குஞ்சோடு திரியும், பருந்துக்கும் கீரிக்கும் காவல். குஞ்சைக் கொத்தி விரட்டிவிட்டு மறுபடி முட்டை. இப்படி வருஷத்துக்கு மூன்று நாலு சுற்று. மொத்தம் அறுபது எழுபது முட்டை தேறினால் நல்ல கோழி. இதில் 'பழைய கோழியை எப்போது மாற்றுவது' என்ற கேள்வி எங்கே இருக்கிறது? கோழியே தனக்கு மாற்றுக் கோழியை வளர்த்துக் கொடுத்துவிடுகிறது.

கழிப்பதற்கும் வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒன்று வெள்ளைக்கழிச்சல். குமாவுன் மலையில் உள்ள ராணிகேத் என்ற ஊரின் பெயரால் கால்நடை மருத்துவர்கள் சொல்வார்களே, அந்த நோய். 1920-களின் கடைசியில் அங்கே கண்டறிந்ததால் அந்தப் பெயர். தடுப்பு மருந்து ஊருக்குள் வருவதற்கு முன் அது வந்தால் ஒரே வாரத்தில் தெருவே காலி. இன்னொன்று விருந்தாளி. குறிப்பாக மாப்பிள்ளை. நான் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினால் கொல்லையில் ஒரு உயிர் குறையும். எந்தக் கோழி என்பதை அத்தைதான் முடிவு செய்வார். முதலில் விடலைச் சேவல். அது இல்லையென்றால் முட்டையைக் கொத்திக் குடிக்கிற கோழி, அடுத்த வீட்டில் போய் முட்டையிடுகிற கோழி, அடையில் பாதியில் எழுந்து போகிற கோழி. வயதை அவர் ஒருநாளும் காரணமாகச் சொன்னதில்லை. நடத்தைதான் காரணம்.

பிறகு எப்போது வந்தது இந்த வயதுக் கணக்கு? வெள்ளைக் கோழியோடு வந்தது.

இத்தாலியில் லிவோர்னோ என்றொரு துறைமுகம். அதை இங்கிலீஷ்காரர்கள் லெகார்ன் என்பார்கள். அங்கிருந்து 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய கோழி இனத்தை, அமெரிக்கர்கள் முட்டைக்காகவே பொறுக்கி எடுத்து வளர்த்தார்கள். நம் பக்கத்தில் அது கிராமத்துக்குள் வந்த முக்கியமான இடங்களில் ஒன்று மார்த்தாண்டம், அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அங்கே கிராமப் புனரமைப்பு மையம் ஒன்றைத் தொடங்கி, தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் சொல்லிக்கொடுத்தார். வெள்ளை லெகார்ன் சேவலை நாட்டுப் பெட்டையோடு சேர்ப்பது, முட்டையைக் கூட்டாகச் சேர்த்து வெளியூருக்கு விற்பது எல்லாம் அங்கே நடந்தன. 1960-களில் யூனிசெஃப் முதலிய ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சத்துணவுக்கென்று இப்படிப்பட்ட கோழிகள் கொடுக்கப்பட்டன.

லெகார்னிடம் ஒரு குணம். அது அடை உட்காராது. முட்டைக்காகப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் அந்தப் புத்தி போய்விட்டது. அடை உட்காருகிற கோழி அந்த மூன்று மாதம் முட்டை போடாதே! ஆகவே குஞ்சு பொரிக்கப் பெட்டி. ரெயோமூர் சாணக் குவியலில் பார்த்த வேலையைப் பிறகு விளக்கு பார்த்தது, மின்சாரம் பார்த்தது. அடையும் வளர்ப்பும் போன பிறகு கோழியிடம் மிச்சம் இருப்பது முட்டை எண்ணிக்கை ஒன்றுதான். எண்ணிக்கை வந்ததும் வயது வந்துவிட்டது. இரண்டாம் வருஷம் முட்டை ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ குறையும். தீனிச் செலவு குறையாது. நாமக்கல் பக்கத்துப் பண்ணைகளில் 72 வாரம் ஆனால் கழிப்பது என்பது வெகுகாலம் வழக்கமாக இருந்த கணக்கு. இப்போது நீட்டிக்கிறார்கள். பண்ணைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். பதினாயிரம் கோழிக்குத் தீனி வாங்குகிறவர் ஒவ்வொன்றின் நடத்தையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தட்டில் முட்டை விழுவதும் அந்தக் கணக்கால்தான்.

தப்பு எங்கே என்றால், அந்தக் கணக்கை நான் அத்தையின் கொல்லைக்குக் கொண்டுவந்ததில்.

2009-ல் ஓய்வு பெற்று மரக்காணத்துக்கே வந்துவிட்டோம். முப்பத்தைந்து வருஷம் இருப்புப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்குமா? நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டேன். கோழியின் பெயர், தேதி, முட்டை. ஒரு வருஷம் விடாமல் எழுதினேன். செவலை 71, பொறிச்சி 66, சாம்பல் 58. கருப்பி 38. மொட்டைக்கழுத்து 31. கருப்பிக்கு நாலு வயதுக்கு மேல் என்று மனைவி சொன்னாள். 2011 ஐப்பசியில் வியாபாரி வந்தபோது நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கருப்பி, மொட்டைக்கழுத்து, இன்னும் மூன்று என்று ஐந்தைப் பிடித்துக் கொடுத்தேன். 750 ரூபாய். அதோடு கொஞ்சம் போட்டு, ஐந்து மாத வயதில் பத்துப் பழுப்புப் பெட்டைகளை ஒரு பண்ணையிலிருந்து வாங்கி வந்தேன்.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வண்டி போன பிறகு, "கருப்பியையுமா குடுத்துட்டீங்க மாப்ளே?" என்றார். "முப்பத்தெட்டு முட்டைதான் அத்தை போட்டிருக்கு" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான்.

மார்கழியில் பழுப்புக் கோழிகள் தினம் ஏழு, எட்டு முட்டை. எனக்கு ஒரே பெருமை. டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறியது. கடலூர் பட்ட பாடு எங்கள் பக்கம் இல்லை. ஆனாலும் முருங்கை முறிந்து கோழிக் கொட்டகை மேல் விழுந்தது. பழைய கோழிகள் சமையலறைத் தாழ்வாரத்துக்குள் எப்படியோ ஏறி ஒண்டிக்கொண்டன. பண்ணைக் கோழிகளுக்குக் கொட்டகையை விட்டால் வேறு இடம் தெரியாது. நசுங்கியது இரண்டு, நனைந்து விறைத்தது நாலு. பதினைந்து நாளுக்குள் பழைய கோழிகளிலும் இரண்டு போயின. எஞ்சியது செவலையும் நாலு பழுப்பும் ஒரு சேவலும்.

தை பிறந்தது. குஞ்சு பொரிக்க இதுதான் நல்ல காலம். மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், ஈரம் இல்லாமல் இருக்கும். முட்டை இருக்கிறது, உட்காரத்தான் ஆள் இல்லை. செவலை எப்போதுமே பாதியில் எழுந்து போகிற ரகம். பழுப்புக் கோழிகள் முட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்போதுதான் மனைவி சொன்னாள், போன வருஷம் கொல்லையில் வளர்ந்த குஞ்சுகளில் முக்கால்வாசி கருப்பி பொரித்தது என்று. செவலை முட்டை, பொறிச்சி முட்டை எல்லாவற்றையும் அத்தை கருப்பிக்குக் கீழேதான் வைத்திருக்கிறார். இருபதுக்கு மேல் குஞ்சு. அடையில் இருந்த நாளையும் குஞ்சோடு திரிந்த நாளையும் கூட்டினால் வருஷத்தில் பாதிக்கு மேல். மிச்ச நாளில் 38 முட்டை! என் நோட்டில் முட்டைக்குக் கட்டம் இருந்தது, குஞ்சுக்குக் கட்டம் இல்லை.

அத்தை கூனிமேட்டில் சொந்தக்காரர் வீட்டுக்கு நடந்தும் ஷேர் ஆட்டோவிலுமாகப் போய் ஒரு அடைக்கோழியை வாரத்துக்கு வாங்கிவந்தார். வாரம் என்றால், பொரித்து வளர்கிற குஞ்சில் பாதி கோழிக்காரருக்கு. நிலத்துக்கு மட்டும் இல்லை, கோழிக்கும் உண்டு. பன்னிரண்டு வைத்தோம், ஒன்பது பொரித்தது, எட்டு தேறியது. நாலைக் கூடையில் போட்டுக் கூனிமேட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் கேட்டார்.

மறு ஐப்பசியில் வியாபாரி வரும்போது கவனித்தேன். யார் யார் விற்கிறார்கள்? பெரும்பாலும் அளத்து வேலைக்காரர்கள் வீடு. உப்பு வாருவது தையில் பாத்தி சீர் செய்து தொடங்கினால் புரட்டாசி வரைக்கும். மழை வந்தால் கூலி நின்றுவிடும். அதே மழைக்காலத்தில்தான் எங்கள் பக்கத்துக் கோழிகள் பெரும்பாலும் இறகு உதிர்க்கின்றன. பகல் பொழுது குறையக் குறைய, உடம்பு முட்டையை நிறுத்திப் புது இறகுக்குச் சத்தைச் செலவழிக்கும். கழுத்து வெறிச்சென்று, வால் இல்லாமல், கொண்டை வெளுத்து, பார்க்கச் சாகப்போகிற கோழி மாதிரி இருக்கும். காசு வேண்டிய மாதமும் கோழி அசிங்கமாக இருக்கிற மாதமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. வியாபாரி அந்த அசிங்கத்தைக் காட்டி விலையைக் குறைப்பார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீக்கிரமே உதிர்க்கத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுங்கு கெடாமல் மாதக்கணக்கில் உதிர்க்கிறது முட்டையில் மட்டமான கோழி. கடைசி வரைக்கும் முட்டையிட்டுவிட்டு, ஒரேயடியாகக் கொட்டி, பஞ்சப் பரதேசி மாதிரி நிற்கிறதுதான் நல்ல கோழி. பார்வைக்கு மோசமானதை முதலில் தள்ளுகிறவர் நல்லதைத் தள்ளுகிறார்.

முட்டைப்பை தீர்ந்துவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. கோழியின் சினைப்பையில் அது ஆயுசுக்கும் போடக்கூடியதைப் போல் பல மடங்கு கரு இருக்கிறது. முட்டையாவதில் ஒரு சின்னப் பங்குதான்.

இப்போது என் வழக்கம் இது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் எதையும் கழிப்பதில்லை, நோயாளியைத் தவிர. மாசிக் கடைசியில், புது இறகு வந்த பிறகு, இரவில் கோழி அடைந்ததும் டார்ச் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் ஊசி போல் இரண்டு எலும்பு முனை தெரியும். முட்டையிடுகிற கோழிக்கு அதற்கு நடுவில் இரண்டு விரல் புகும். முட்டை நின்றதற்கு ஒரு விரலே சிரமம். வாய் அகலமாக, ஈரமாக இருந்தால் முட்டை உண்டு. சுருங்கிக் காய்ந்திருந்தால் இல்லை. கொண்டை சிவந்து சூடாக இருக்கவேண்டும். இந்த எலும்புச் சோதனையை வால்டர் ஹோகன் என்ற அமெரிக்கர் 1913 வாக்கில் புத்தகமாகப் போட்டுப் பிரபலமாக்கினார். அத்தை அந்தப் புத்தகத்தைப் பார்த்ததில்லை. கோழியைத் தூக்கி வியாபாரியிடம் விலை பேசும்போது அவர் விரலும் அந்த இடத்துக்குத்தான் போகும்.

பங்குனி வரைக்கும் முட்டையும் இல்லை, அடையும் இல்லை, எலும்பும் விரியவில்லை என்றால் அப்போது கழிப்பேன். இறகு புதிது, எடையும் ஏறியிருக்கும், விலையும் கிடைக்கும். நல்ல அடைக்கோழிக்கு வயது பார்ப்பதில்லை. ஆறு வயதுக் கோழி ஒன்று போன வருஷம் வரை பதினொரு முட்டை வைத்து ஒன்பது பொரித்தது. முட்டைக் கோழியை மட்டும் மூன்றாம் வருஷத்துக்கு மேல் வைப்பதில்லை. ஒவ்வொரு தையிலும் மூன்றில் ஒரு பங்கு புதுப் பெட்டை வருகிற மாதிரி அடை வைத்துவிடுவேன். ஒட்டுமொத்தமாக மாற்றுவது கிடையாது. சனிக்கிழமை கால்நடை மருந்தகத்தில் கழிச்சல் தடுப்பூசி, அதற்குக் கூடையோடு போய்விடுவேன். டாக்டரம்மா என்னை 'கோழி சார்' என்கிறார்.

அத்தை 2017-ல் போய்ச் சேர்ந்தார். கருப்பியைப் பற்றி அன்றைக்குச் சொன்ன ஒரு வார்த்தைக்கு மேல் கடைசிவரை அவர் பேசவில்லை. நான்தான் இரண்டு மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன். "கோழி வாங்கிக்கலாம் மாப்ளே" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இதையெல்லாம் சொன்னேன். "அது சரி ஐயா, தை வரைக்கும் அரிசிக்கு?" என்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. யோசித்துவிட்டு, அவள் கோழியை நான் வாரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். தீனி என்னுடையது. முன்பணமாக 300 ரூபாய் கொடுத்தேன். தையில் அடை உட்கார்ந்தால் குஞ்சில் பாதி அவளுக்கு, முன்பணம் அதில் கழியும். உட்காராவிட்டால் முட்டையில் கழியும். கோழி இப்போது எங்கள் தாழ்வாரத்தில் இருக்கிறது. கழுத்தில் முள் முள்ளாகப் புது இறகு எட்டிப் பார்க்கிறது. நோட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். இந்தத் தடவை நாலு கட்டம்: முட்டை, அடை, பொரித்தது, தேறியது.